ஏறி இறங்கும் ஊருக்கு ஒருநாள் சுற்றுலா

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலை வேளையில் ஓட்டல் வாசல்களிலே சுற்றுலாப் பேருந்துகள் நிற்பதைக் காணலாம். ரோமானியர் காலத்து இடிபாடுகளைக் காட்டி, மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து விடும் பேருந்துகள் அவை. பெரும்பாலானவை கிழக்கே பாம்பேயிக்குச் செல்பவை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்துபோன அந்த ஊரைப் பற்றி உங்கள் பாடநூலிலேயே படித்திருப்பீர்கள். ஆகவே நாம் அதை விட்டுவிட்டு, மேற்கே போகும் வண்டியில் ஏறுவோம். அது பொட்சுவோலி என்ற சிறு துறைமுக ஊருக்கும், அதற்கு அப்பால் பையா என்ற கடற்கரைக்கும் செல்கிறது. கூட்டம் குறைவு, பார்க்கவும் சிந்திக்கவும் விஷயம் மிகுதி.

புறப்படுமுன் சில ஏற்பாடுகள். இடிபாடுகளில் தரை சமமாக இராது. வழுக்காத காலணி வேண்டும். குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இருகண் நோக்கி கிடைத்தால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். ஏன் என்பது முதல் இடத்திலேயே தெரியும். இத்தகைய இடங்கள் வாரத்தில் ஒருநாள் மூடப்படுவது வழக்கம். அந்த நாள் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. வழிகாட்டி கூட்டத்தை அவசரப்படுத்துவார். ஒருநாள் சுற்றுலாவின் குறையே அதுதான். எங்கே நிற்க வேண்டும், எங்கே நடையை எட்டிப் போடலாம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது.

நேப்பிள்ஸிலிருந்து பொட்சுவோலி சுமார் 12 கிலோமீட்டர்தான். வழியில் யாராவது, "எரிமலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், "நாம் அதற்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்பதே சரியான விடை. கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மலை எதுவும் இங்கே இல்லை. 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. இதன் ஒரு பகுதி நிலத்திலும் மறுபகுதி கடலுக்கு அடியிலும் கிடக்கிறது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னும், பிறகு ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் பூமிக்குள்ளிருந்த பாறைக்குழம்பு பேரளவில் வெளியே பீறிட்டது. உள்ளே வெற்றிடமானதால் மேல்தளம் சரிந்து உட்கார்ந்தது. இத்தகைய பள்ளத்தைக் கால்டெரா என்பார்கள்; ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று பொருள். இந்தக் கொப்பரைக்குக் 'காம்பி ஃபிளெக்ரே' என்று பெயர். எரியும் வயல்கள் எனத் தமிழில் சொல்லலாம். இன்று அந்த வயல்களின் மேல் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.

மூன்று தூண்களும் ஒரு புதிரும்

பேருந்து முதலில் நிற்பது பொட்சுவோலி துறைமுகத்துக்கு அருகில். தெருமட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய சதுர முற்றம், உடைந்த சுவர்கள், நடுவே வட்டமான ஒரு மேடை, ஒரு பக்கத்தில் மூன்று நெடிய பளிங்குத் தூண்கள். 1750இல் இதைத் தோண்டி எடுத்தபோது செராப்பிஸ் என்ற தெய்வத்தின் சிலை கிடைத்தது. ஆகவே இது கோயில் என்று நினைத்து 'செராப்பிஸ் கோயில்' என்று பெயரிட்டுவிட்டார்கள். உண்மையில் இது சந்தை. கடைகள் சூழ்ந்த ரோமானியச் சந்தைக் கட்டடம். பழைய பெயர் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது.

வழிகாட்டிகள் பலர் இங்கே சில நிமிடங்களே நிறுத்துவார்கள். வேலிக்கு வெளியே நின்றே முழுவதையும் பார்த்துவிடலாம் என்பது காரணம். என்னைக் கேட்டால், அன்றைய நாள் முழுவதிலும் மிகுந்த நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இருகண் நோக்கியை எடுங்கள். தூண்களை அடியிலிருந்து மேலே மெதுவாகப் பாருங்கள்.

அடியிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரம் வரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேலே சுமார் இரண்டே முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரு கறுத்த பட்டை. அந்தப் பட்டையில் அம்மை வடுப்போல நூற்றுக்கணக்கான துளைகள். அதற்கும் மேலே தூண் மறுபடியும் துளையில்லாமல் இருக்கிறது. மூன்று தூண்களிலும் பட்டை ஒரே உயரத்தில்தான் இருக்கிறது.

துளைகளைப் போட்டது யார்? ஒரு சிப்பி. பேரீச்சங்கொட்டை போன்ற நீண்ட வடிவமுள்ள இதை விஞ்ஞானிகள் லித்தோஃபாகா என்கிறார்கள். கல்லைத் தின்பது என்று பொருள். ஆனால் இது கல்லைத் தின்பதில்லை. இதன் உடல் சுரக்கும் ஒரு திரவம் சுண்ணக்கல்லிலும் பளிங்கிலும் உள்ள கால்சியத்தைக் கவர்ந்து கல்லைக் கரைக்கிறது. கரைத்த குழியில் சிப்பி பாதுகாப்பாகக் குடியிருக்கிறது. 'சிப்பியின் ஓடும் கால்சியம் கார்பனேட்தானே, அது ஏன் கரைவதில்லை?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஓட்டின் வெளிப்புறத்தைக் கரையாத ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. கல் கரைவதை நம்ப முடியாவிட்டால், ஒரு பளிங்குச் சில்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு குமிழிகள் வரும். சிப்பியின் வித்தை இதிலிருந்து சற்று வேறுபட்டது என்றாலும், கெட்டியான கல்லை உளியின்றித் துளைக்கலாம் என்பது விளங்கிவிடும்.

இந்தச் சிப்பி கடலில் மட்டுமே வாழும். அது 5 சென்டிமீட்டர் நீளம் வளர 15 முதல் 35 ஆண்டுகள் ஆகும். அப்படியானால், மக்கள் நடமாடிய சந்தையின் தூண்களில் தரைக்கு ஆறு மீட்டர் உயரம் வரை கடல்நீர் பல ஆண்டுகள் நின்றிருக்க வேண்டும். அடிப்பகுதி ஏன் தப்பியது? அது மண்ணிலும் எரிமலைத் தூசியிலும் புதைந்திருந்தது. சிப்பியால் அங்கே நுழைய முடியவில்லை. மேற்பகுதி நீருக்கு வெளியே இருந்தது. ஆக, அந்தக் கறுத்த பட்டை ஒரு காலத்துக் கடல்மட்டத்தைக் காட்டும் அளவுகோல்.

இப்போது புதிர் வருகிறது. கடல் மேலே ஏறியதா, நிலம் கீழே இறங்கியதா? கடல் ஆறு மீட்டர் ஏறியிருந்தால், மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள எல்லாத் துறைமுகங்களும் அவ்வாறே மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. எனவே அசைந்தது நிலம்தான். முதலில் சந்தையோடு சேர்ந்து நிலம் இறங்கியிருக்கிறது, பிறகு ஏறியிருக்கிறது. அதுவும் தூண்கள் விழாதபடி மெல்ல.

1828இல் இங்கு வந்த சார்லஸ் லயல் என்ற நிலவியல் அறிஞர் இந்த முடிவுக்கு வந்தார். அவர் எழுதிய 'நிலவியல் கோட்பாடுகள்' என்ற புகழ்பெற்ற நூலின் முதல் தொகுதி 1830இல் வெளிவந்தபோது, அதன் முகப்புப் படம் இந்த மூன்று தூண்கள்தான். இளைஞர் டார்வின் 'பீகிள்' கப்பலில் புறப்பட்டபோது உடன்கொண்டுபோன புத்தகங்களுள் அதுவும் ஒன்று. பூமியின் மேற்பரப்பு திடீர்ப் பிரளயங்களால் மட்டும் மாறுவதில்லை, சிறுகச் சிறுகவும் மாறுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எங்கே கிடைக்கும்? அதே 1828இல் இங்கு வந்து தூண்களை ஆராய்ந்தவர் இன்னொருவர் உண்டு. கணிப்பொறியின் முன்னோடி என்று நீங்கள் அறிந்த சார்லஸ் பாபேஜ்தான் அவர். பூமிக்கடியில் வெப்பம் ஏறினால் பாறை விரிந்து நிலம் உயரும், குறைந்தால் சுருங்கி நிலம் தாழும் என்று அவர் விளக்கம் சொன்னார்.

பின்னாளில் துளைகளில் எஞ்சியிருந்த சிப்பி ஓடுகளையும் பிற கடலுயிர் எச்சங்களையும் கார்பன் முறையில் காலம் கணித்தார்கள். 2006இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. கடல் ஏறி இறங்கியது ஒரு முறையன்று. 5ஆம் நூற்றாண்டிலும், இடைக்காலத்தின் முற்பகுதியிலும், 1538க்கு முன்னும் ஆக மூன்று முறை ஏறத்தாழ ஏழு மீட்டர் அளவுக்கு நீர் நின்றிருக்கிறது.

1538 என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் கடற்கரை திடீரென உயர்ந்தது; நீர் பின்வாங்கியது. செப்டம்பர் 29ஆம் நாள் தரை பிளந்து நெருப்பும் சாம்பலும் கிளம்பின. ஒரே வாரத்தில் 130 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு குன்று முளைத்துவிட்டது. அதன் பெயரே மோன்ட்டே நுவோவோ, அதாவது புது மலை. பையாவுக்குப் போகும் வழியில் பேருந்து அதைக் கடந்துதான் செல்லும். பச்சை மரங்கள் அடர்ந்த சாதாரணக் குன்றாகத் தோன்றுவதால் பயணிகள் பலர் அதைக் கவனிப்பதேயில்லை.

துறைமுகமும் அதன் மண்ணும்

ரோமானியர் இந்த ஊரைப் புட்டியோலி என்றார்கள். ரோம் நகருக்கு அருகே நல்ல துறைமுகம் அமையும்வரை, எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து கோதுமை ஏற்றிவந்த பெரிய கப்பல்கள் இங்கேதான் நின்றன. செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கு வந்த கீழைநாட்டுச் சரக்குகளும் இத்துறைக்கு வந்தன. நமக்குச் சுவையான ஒரு செய்தி: அன்னியஸ் ப்ளோக்காமஸ் என்பவர் செங்கடல் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய ஆள் ஒருவன் அரபுக் கரையோரம் கப்பலில் போகையில் காற்றால் அடித்துச் செல்லப்பட்டு, 15ஆம் நாள் இலங்கைத் தீவை அடைந்தான் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். கதையென்று தள்ளிவிட முடியாது. எகிப்தின் பாலைவனப் பாதையில் ஒரு பாறையில், ப்ளோக்காமஸின் அடிமை ஒருவன் கி.பி. 6இல் பொறித்துச் சென்ற வாசகம் கிடைத்திருக்கிறது. அன்னியஸ் குடும்பத்தார் புட்டியோலியில் வாழ்ந்த வணிகர்கள்.

துறைமுகத்திலிருந்து மேட்டில் ஏறினால் பெரிய வட்டரங்கு. இத்தாலியில் எஞ்சியுள்ள ரோமானிய வட்டரங்குகளில் இது மூன்றாவது பெரியது. மேலே படிவரிசைகளில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே நிலவறைக்கு இறங்குங்கள். அரங்கின் அடியில் வளைவு வளைவாக ஓடும் கூடங்கள், விலங்குக் கூண்டுகளை வைத்திருந்த அறைகள், அவற்றை மேலே தூக்குவதற்கான சதுரத் திறப்புகள் எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மண்ணில் நெடுங்காலம் புதைந்து கிடந்ததே அவற்றைக் காப்பாற்றியது. திறப்பின் வழியே விழும் வெளிச்சத்தில் நிற்கும்போது, மேலே ஆரவாரம் செய்த கூட்டத்தையும், கீழே கயிறு இழுத்த அடிமைகளையும் நினைக்காமலிருக்க முடியாது.

சுவரைத் தொடாமல், கிட்டே போய்ப் பாருங்கள். கல்லுக்கும் செங்கலுக்கும் உள்ளே நிறைந்திருப்பது காங்கிரீட். ரோமானியரின் வெற்றிக்குப் பாதிக் காரணம் இந்த ஊர் மண் என்றால் மிகையாகாது.

சாதாரணச் சுண்ணாம்புக் காரை எப்படி இறுகுகிறது? காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணக்கல்லாகிறது. நீருக்கடியில் காற்று ஏது? அதனால் அங்கே இறுகாது. ஆனால் புட்டியோலியைச் சுற்றியுள்ள எரிமலைத் தூளைச் சுண்ணாம்புடன் கலந்தால் கதை மாறுகிறது. அந்தத் தூளில் சிலிகாவும் அலுமினாவும் கண்ணாடி போன்ற நிலையில் இருக்கின்றன. அவை நீரின் முன்னிலையில் சுண்ணாம்புடன் வினைபுரிந்து கெட்டியான புதிய சேர்மங்களாகின்றன. காற்று தேவையில்லை. கடலுக்குள் மரச்சட்டம் அடித்துக் கலவையைக் கொட்டினால் அங்கேயே பாறையாகிவிடும்! கட்டடக்கலை வல்லுநரான விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே பையா வட்டாரத்துத் தூளின் இந்தக் குணத்தை எழுதிவைத்தார். இத்தூளைக் கப்பலேற்றிப் பாலஸ்தீனக் கரையிலிருந்த சிசேரியா துறைமுகம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பழைய துறைமுகக் காங்கிரீட்டை அண்மையில் ஆராய்ந்தவர்கள், கடல்நீர் உள்ளே ஊறியதால் புதிய கனிமப் படிகங்கள் உண்டாகி அதற்கு மேலும் உறுதி சேர்த்திருப்பதைக் கண்டார்கள்.

இத்தூளின் பெயர் பொசோலானா. ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் சிமென்ட் மூட்டையைப் பாருங்கள். 'போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட்' என்று அச்சிட்டிருக்கக்கூடும். அதில் இத்தாலிய மண் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் பெரும்பாலும் அதே வேலையைச் செய்கிறது. சுட்ட களிமண் தூளுக்கும் இக்குணம் உண்டு. நம் கொத்தனார்கள் சுண்ணாம்புடன் சேர்த்த சுர்க்கி அதுதான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் கட்டப்பட்டது.

கடலுக்குள் ஒரு தெரு

பிற்பகலில் பையா. ரோமானியச் செல்வர்களும் பேரரசர்களும் வெந்நீர் ஊற்றுகளுக்காக நாடி வந்த ஊர் இது. சரிவில் அடுக்கடுக்காகக் கிடக்கும் குளியல் மாளிகைகளில் 'மெர்க்குரி கோயில்' எனப்படும் கூடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இதுவும் கோயிலன்று; குளியல் கூடம்தான். இதன் காங்கிரீட் கவிகை 21 மீட்டருக்கு மேல் விட்டமுள்ளது. ரோமிலுள்ள பாந்தியன் கட்டப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. உள்ளே பாதி உயரத்துக்கு மண்ணும் நீரும் நிறைந்திருப்பதால் நீங்கள் தரையில் நிற்பதில்லை. கவிகையின் தோளருகே நிற்கிறீர்கள். மெல்லக் கைதட்டிப் பாருங்கள். ஒலி வளைந்து வளைந்து திரும்பும். வெளியே ஒரு கூரை வளைவிலிருந்து தலைகீழாகத் தொங்கி வளரும் அத்திமரத்தை வழிகாட்டி காட்டுவார். வேடிக்கைதான், புகைப்படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

பையாவின் ஒரு பகுதி நிலத்தில் இல்லை. சந்தைத் தூண்களை மூழ்கடித்த அதே இயக்கம் இங்கே கரையோரம் முழுவதையும் கடலுக்குள் இறக்கிவிட்டது. கடல் அமைதியாக இருந்தால், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிப் பார்க்கலாம்; நீந்தத் தெரிந்தவர்கள் பயிற்சியாளருடன் மூழ்கியும் பார்க்கிறார்கள். சுவர்கள், கல்பாவிய தெரு, சலவைக்கல் சில்லுகளால் கோலமிட்ட தரை, அவற்றின் மேல் நீந்தும் மீன்கள். சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் பேரரசர் கிளாடியஸ் விருந்துண்ட கூடம் இருக்கிறது. நீருக்குள் நிற்கும் சிலைகள் நகல்கள். அசல் சிலைகளை வெளியே எடுத்து அருகிலுள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? சலவைக்கல்லைத் துளைக்கும் உயிர்கள் இந்தக் கடலில் இன்னும் வாழ்கின்றன.

இன்றைய தரை

இதுவரை பார்த்ததெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1538க்குப் பிறகு நிலம் நூற்றாண்டுகளாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. 1969 முதல் 1972 வரை அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்ந்தது. 1970 மார்ச் மாதத்தில், துறைமுகத்தை ஒட்டிய பாறைமேட்டிலிருந்த பழைய குடியிருப்பான ரியோனே தெர்ராவிலிருந்து சுமார் 3,000 மக்களை அரசு வெளியேற்றியது. தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகள்! அந்தத் தெருக்களுக்கு அடியில் பின்னர் ஆய்வு செய்தபோது ரோமானிய ஊரே வெளிப்பட்டது. இன்று பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடமாக அது இருக்கிறது.

1982 முதல் 1984 வரை மறுபடியும் ஏற்றம். இரண்டு ஆண்டுகளில் சுமார் 1.8 மீட்டர், அதாவது சராசரியாக மாதம் 7.5 சென்டிமீட்டர். உங்கள் கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது! ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் வந்தன. பல்லாயிரம் பேர் வீடிழந்து மோன்ட்டெருஷெல்லோ என்ற புதிய குடியிருப்புக்கு மாறினார்கள். துறைமுகத்தின் அடித்தளம் உயர்ந்து, படகுகள் அணைய முடியாமல் போயிற்று.

2005 முதல் மீண்டும் உயர்கிறது. 2022இலேயே 1984இன் உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6 அளவுள்ள நடுக்கங்கள் ஏற்பட்டன. பூரி எண்ணெயில் உப்புவதுபோல, கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் வெந்நீரும் வாயுக்களும் அழுத்த, மேல்தளம் நடுவில் உயர்ந்து ஓரங்களில் குறைந்து உப்புகிறது. அந்த அழுத்தத்தில் பாறைக்குழம்பின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் நடக்கிறது. வாதத்துக்குக் காரணம் உண்டு. 1538இல் ஏற்றத்தின் முடிவில் எரிமலை வெடித்தது. 1972இலும் 1984இலும் வெடிக்காமல் அடங்கியது. மக்களை வெளியேற்றச் சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் ஒரு விதத் துன்பம். சொல்லாமல் இருந்து நடந்துவிட்டால் வேறு விதத் துன்பம். 1841இல் நிறுவப்பட்ட வெசூவியஸ் ஆய்வு நிலையம், உலகின் மிகப் பழைய எரிமலை ஆய்வு நிலையம், இரவும் பகலும் இந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் மூலம் நிலத்தின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். தரைக்குள்ளிருந்து வரும் வாயுவைச் சோதிக்கிறார்கள். எச்சரிக்கை நிலை 2012 டிசம்பரில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது.

பேருந்து திரும்பும் வழியில் பொட்சுவோலி துறையில் தேநீருக்கு நிறுத்தினால், பழைய படகுத்துறையின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். கயிறு கட்டும் இரும்பு வளையங்கள் படகுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். 1980களின் ஏற்றத்துக்குப் பின் அதற்குக் கீழே தாழ்வாக இன்னொரு துறை கட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் அதற்கும் நீர் போதாமல், சிறு படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. மீனவர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டு ஆழமான இடம் தேடிப் போகிறார்கள்.